கேசரிக்காகப் போட்ட ஊசி

மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டார்கள், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளையார் கோயிலை ஒட்டி, வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்களாம். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதில் நேரம் தப்பி, ராகு காலம் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு வரை. அது கழியாமல் பெண் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார்களாம். "ஆமாங், ஆமாங், நேரம் பாத்தே வாங்க, எங்களுக்கென்னங்க அவசரம்" என்று முன்கூடமான ஆசாரத்தில் நின்று அம்மா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னது இந்த அறைக்குள் கேட்டது. அவர்களுக்கு அவசரமில்லை, எங்களுக்கும் அவசரமில்லை, எனக்குள் போன மருந்துக்கு மட்டும்தான் அவசரம். நாலரைக்குள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நாலு மணிக்கே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, பட்டுப்புடவையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன். ரெண்டு கரண்டி கேசரிக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்குமான ஊசி. பெண்ணும் எங்களோடு உட்கார்ந்து பலகாரம் சாப்பிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இனிப்பை வேண்டாம் என்று தள்ளினால் பெண்ணுக்கு என்னவோ என்று முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் எதிரில் ஊசியை எடுக்க முடியாது. அதனால் முதலிலேயே போட்டுக்கொள் என்றாள் அம்மா. நானும் சரி என்றேன். கொஞ்ச நாளாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன், மறுத்துப் பேசுவதற்கு நிறையத் தெம்பு வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் வந்த சர்க்கரை நோய், மாத்திரைக்கு மசியாத வகை. இதில் ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும், சாப்பிட்டால் ஊசி போட வேண்டும், ரெண்டுக்கும் நடுவில் யாரும் நல்ல நேரம் பார்க்க முடியாது.

பக்கத்தில் பாவாத்தாள் அத்தை. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா, எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர், மூன்றரை மணிக்கே துணைக்கு இருக்கிறேன் என்று வந்து கட்டிலில் என் தொடை மேல் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இப்போதே அத்தை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். துணைக்கு என்றால் துணைக்கில்லை, பார்வையிட. பல்லைப் பார்த்தாயிற்று, தலைமுடி சொந்த முடிதானா என்று பின்னலை வருடுகிற சாக்கில் பார்த்தாயிற்று. "ஆபீசுல என்ன அம்மிணி வேல?" "விதைப் பரிசோதனைங்க. விதை முளைக்குதான்னு பாப்பமுங்க." "முளைக்குலீன்னா?" "அந்த மூட்டைய விக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருவமுங்க." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். என் பை, அதற்குள் இருக்கும் ரத்தம் பார்க்கிற மெஷின், குளுக்கோஸ் பொட்டலம், எல்லாவற்றையும் அம்மா காலையிலேயே, நாலு மணி ஊசியை மட்டும் எடுத்துக் குளியலறையில் ஒளித்து வைத்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஃப்ரிட்ஜில் இருந்த மருந்துகள் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடி போய்விட்டன. காப்பி டம்ளருக்கும் பூச்சரத்துக்கும் நடுவில் என் நோய் இருந்ததற்கான ஒரு தடயமும் இந்த வீட்டில் இல்லை, நான் மட்டும்தான் பாக்கி. எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம், அது எவ்வளவு சாதாரணமான காரியம். "பொண்ணு அடுப்படிக்கும் ஆசாரத்துக்கும் நடக்கக்கூடாது, உக்காரு கண்ணு" என்று ஒரு முறை எழுந்தபோது அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வந்தவர்கள் தொடுவதற்கு முன்னால் பலகாரத்தில் பெண் வாய் வைத்தால் ஆகாதாம். சரி. இன்னும் நேரம் இருக்கிறது. கை நடுங்கவில்லை. நடுங்க ஆரம்பித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆபீசில் நெல்லை ஈரத் தாளில் சுருட்டி முளைக்க வைப்போம். ஒரு நெல்லுக்குள் முக்கால்வாசி இடம் மாவு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது கரு. தண்ணீர் பட்டதும் அந்தத் துளி கரு ஒரு சேதி அனுப்புகிறது, மாவு உடைந்து சர்க்கரையாகிறது, அதைக் குடித்துத்தான் முதல் வேர் வெளியே வருகிறது. இலை விரிந்து தன் சாப்பாட்டைத் தானே செய்யும் வரைக்கும் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வெள்ளை வேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், காரணமே இல்லாமல். இப்போது எண்ணி எழுதிவிட்டு அடுத்த தாளைப் பிரிக்கிறேன். முளைக்காத விதைகள்தான் மனதில் நிற்கின்றன. மூட்டைக்குள் சும்மா கிடக்கிற விதை சும்மா கிடப்பதில்லை, ரொம்ப மெதுவாக மூச்சு விடுகிறது, மூச்சு விடத் தன் மாவையே தின்கிறது. வெக்கையான கிடங்கில் போட்டால் அந்தத் தீனி வேகமாகிறது. உறை அப்படியே இருக்கும், பளபளப்பு அப்படியே இருக்கும், கையில் அள்ளிப் பார்க்கிற வியாபாரிக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தாளில் வைத்தால்தான் தெரியும், காத்திருந்தே தீர்ந்துபோன விதை என்று. எனக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். பாவாத்தாள் அத்தை ஏதோ கேட்கிறார், பித்தளைப் பாத்திரத்தைப் பற்றி, நான் தலையை ஆட்டுகிறேன்.

அம்மா காப்பி கொண்டு வந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன், புரிந்துகொள்ளவில்லை, அவள் காது முழுக்க வாசலில் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். கசப்பு. பதினேழு வருடமாக என் டம்ளரில் சர்க்கரை போடாத கை, இன்றைக்கும் பழக்கத்தில் போடவில்லை. "இதுல இனிப்பே இல்லியே" என்றார் அத்தை, என் டம்ளரை வாங்கி ஒரு சொட்டு ருசி பார்த்துவிட்டு. "அவ இனிப்புன்னா தொடவே மாட்டாளுங்க. ஒடம்ப அப்படிப் பாத்துக்குவா" என்றாள் அம்மா, பெருமையாக. "அதான் இப்படிக் கொடியாட்டம் இருக்கறா" என்றார் அத்தை. அவ்வளவுதான், வழி அடைபட்டுவிட்டது. இனி நான் சர்க்கரை கேட்டால் அம்மா பொய்யாகிவிடுவாள். பாலில் கொஞ்சம் சர்க்கரை இயல்பாகவே இருக்கும், அது போதும் கொஞ்ச நேரத்துக்கு, போதும் என்று குடித்தேன். உடம்பில் இல்லாமல் இல்லை. கல்லீரலில் ஒரு கிடங்கு இருக்கிறது, சாப்பிட்டதில் மிச்சத்தைக் கோத்துக் கோத்து அடுக்கி வைத்திருக்கும், பட்டினி நேரத்தில் பிரித்து எல்லோருக்கும் அனுப்பும். சதையிலும் இருக்கிறது, கல்லீரலைவிட அதிகமாகவே. ஆனால் சதை தன்னிடம் வந்ததை ரத்தத்துக்குத் திருப்பித் தராது, தானே ஓடித் தானே செலவழிக்கும். கூட்டுக் குடும்பத்தில் தன் அலமாரியைத் தனியாகப் பூட்டி வைத்துக்கொள்கிற சித்தி மாதிரி. மூளைதான் பரிதாபம். அதற்குக் கிடங்கே கிடையாது என்று சொல்லிவிடலாம், அன்றாடம் காய்ச்சி, உடம்பின் மொத்தச் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கை உட்கார்ந்த இடத்தில் தின்னும், வரத்து நின்றால் நின்ற இடத்தில் தடுமாறும். கல்லீரல் இப்போது திறக்க வேண்டும். ஆனால் நான் போட்ட மருந்து உள்ளே நின்றுகொண்டு சேர்த்து வை, சேர்த்து வை என்றுதான் அதற்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு வரைக்கும் அந்த உத்தரவு மாறாது, ஆறுக்குப் பிறகும் மாறாது. மேலுதட்டில் வேர்க்கிறது. "புழுக்கமா இருக்குதா கண்ணு?" என்று அத்தை தன் முந்தானையால் என் உதட்டைத் துடைத்துவிட்டார். நல்ல மனுஷி. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு முன்னால் வந்த இடங்களிலெல்லாம் உண்மையைச் சொன்னோம். அப்பாதான் சொன்னார், சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. அதையெல்லாம் பெரிசா எடுத்துக்க மாட்டமுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று போன் வரும். ஒரே ஜாதகம் எப்படி மூன்று வீட்டுக்கும் ஒத்துவராமல் போகும் என்று அப்பா ஒருமுறை கேட்டார், என்னிடம் இல்லை, தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியிடம். அதற்குப் பிறகு அம்மா சாமியறையில் உட்கார்ந்து அழுதாள், எழுந்து வந்தபோது முடிவெடுத்திருந்தாள். "கண்ணாலம் முடிஞ்சு நீயே மெதுவா சொல்லிக்க. தாலி ஏறிருச்சுன்னா யாரும் எறக்கி வெக்க மாட்டாங்க." சரி என்றேன். மாப்பிள்ளை தரணிதரன் ரெண்டு தடவை போனில் பேசினார். கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் டிசைன் வேலை, கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுகிறார், சிரிக்கும்போது மட்டும் திக்குவதில்லை. "உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன், பிடிக்கிறதா என்று யோசிக்க நேரம் கிடைத்ததில்லை என்று சொல்ல வாயெடுத்து, புளிச்சோறு என்றேன். மற்றவர்களின் உடம்பு தூங்கும்போதுகூடத் தானே செய்துகொள்கிற வேலையை நான் விழித்திருந்து செய்கிறேன், பதினேழு வருடமாக, ஒரு நாள் லீவு இல்லை. இனி அதை ஒளிந்து செய்ய வேண்டும். அந்த வீட்டுக் குளியலறை எப்படி இருக்கும், தாழ்ப்பாள் சரியாக விழுமா, தேனிலவில் மருந்தை எங்கே ஒளிப்பது, ராத்திரி சர்க்கரை இறங்கிவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் எப்படி மிட்டாய்த் தாளைப் பிரிப்பது. எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. வேண்டும். ஒருவரோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஒளிந்துகொண்டு இருக்கத்தான் முடியாது போலிருக்கிறது, அவ்வளவு தெம்பு என்னிடம் மிச்சமில்லை.

ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் வெயில் இறங்கிவிட்டது. இலைகளுக்கு வேலை முடிகிற நேரம். பகலெல்லாம் செய்ததில் ஒரு பங்கை ராத்திரிக்கென்று மாவாக்கி இலைக்குள்ளேயே வைத்திருக்கும், இருட்டினதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குடிக்கும். விடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியுமாம், விடியும்போது தீர்கிற மாதிரியே கரைக்குமாம், எங்கேயோ படித்தேன், எங்கே படித்தேன். ஒரு நாள் விடிய நேரமானால் பட்டினி. சூரியன் தெருமுனையில் நின்றுகொண்டு நேரம் பார்ப்பதில்லை. சூரியனுக்குப் பெரியம்மா இல்லை. சிரிப்பு வருகிறது, சிரிக்கக்கூடாது. ஒன்று செய்ய வேண்டும். என்னவோ ஒன்றை உடனே செய்ய வேண்டும், என்ன அது, நாக்கு நுனியில் இருக்கிறது. சேலைத் தலைப்பு. இல்லை. வளையல். அத்தையின் வாய் அசைகிறது, சத்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. சர்க்கரை இறங்கும்போது முதலில் போவது கால் இல்லை, கை இல்லை, சாப்பிட வேண்டும் என்கிற புத்திதான் முதலில் போகும், டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் யோசிக்காமல் சாப்பிடு என்றார், யோசிக்காமல். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட வேண்டும். அதுதான். பிடித்துவிட்டேன், விடக்கூடாது. சாப்பிட வேண்டும். பத்து வரைக்கும் எண்ணினால் எழுந்துவிடலாம். ஒன்று, இரண்டு, கொய்யா இலை, இரண்டு. பயமாக இருக்கிறது. அம்மா என்று கூப்பிட்டேன் என்று நினைத்தேன், அத்தை திரும்பவில்லை, அப்படியானால் கூப்பிடவில்லை. உதடு மரத்திருக்கிறது. கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக. இந்தப் புடவையோடு இந்தக் கட்டிலில் விழுந்துவிட்டால் அம்மா என்ன பொய் சொல்லுவாள், பாவம், அதையும் அவள்தான் யோசிக்க வேண்டும்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம். வாங்க, வாங்க. அப்பாவின் குரல், செருப்புகள், நாற்காலி இழுபடுவது. ராகு காலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அத்தை என்னை எழுப்பி முந்தானையைச் சரிசெய்தார், நடந்தேன், கால்கள் யாருடையவோ மாதிரி நடந்தன. அடுப்படி வாசலில் அம்மா என் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தாள், கனமாக இருந்தது, கேசரித் தட்டுகள், நெய் வாசனை, முந்திரி. "தலையக் குனிஞ்சுக்க" என்று காதில் சொன்னாள். குனிந்துகொண்டேன், அதனால் கேசரி இன்னும் பக்கத்தில் வந்தது. ஆசாரத்தில் நிறையக் கால்கள் தெரிந்தன. ஒரு ஜோடிக் காலுக்கு முன்னால் போய் நின்றேன், கொடுக்க வேண்டும், நீட்ட வேண்டும். நீட்டவில்லை. தாம்பாளத்தைத் தரையில் வைத்தேன். நானும் அதன் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு தட்டிலிருந்து கேசரியை விரலால் அள்ளி வாயில் போட்டேன், விழுங்கினேன், மறுபடி அள்ளினேன். மெல்லவில்லை. சூடு நாக்கைச் சுட்டது, அது நன்றாக இருந்தது. மூன்றாவது தட்டையும் எடுத்தேன் என்று நினைக்கிறேன். கன்னத்தில் ஒட்டியது, துடைக்கவில்லை. எனக்கு வெட்கமே வரவில்லை, வெட்கப்படுவதற்கும் மூளைக்குச் சாப்பாடு வேண்டும்.

"என்ன கண்ணு, மயக்கமா வருதா?" மாப்பிள்ளையின் அம்மா. அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் என் அம்மா சொல்லிவிட்டாள், மூச்சு விடாமல், அழகாக. "ஒண்ணுமில்லீங்க, காத்தாலருந்து வெரதமுங்க. எல்லாம் நல்லபடியா அமையோணும்னு அவளே வேண்டிக்கிட்டா. நான் சாப்புடுன்னுதான் சொன்னேனுங்க, கேக்குலீங்க." பாவாத்தாள் அத்தை உடனே சாட்சிக்கு வந்தார். "அட, நாந்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கறனே. அந்தக் கசப்புக் காப்பித் தண்ணியத் தவிர ஒண்ணும் வாயில வெக்குல புள்ள." ஆசாரம் முழுக்க ஒரு இளக்கம் பரவியது. "இந்தக் காலத்துல இப்படியொரு புள்ளையா" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா, குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. "நாம வேற வெளிய உக்காந்து இந்தப் புள்ளயக் காக்க வெச்சுப்போட்டோம். இதுக்கு மேல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது. இன்னிக்கே பூ வெச்சர்லாம்." பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள், மல்லிகை. கேசரி மெல்ல மெல்ல மேலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. முதலில் காற்றாடிச் சத்தம் திரும்பி வந்தது, பிறகு தரையின் குளிர்ச்சி, பிறகு முகங்கள். அப்பா கதவோரம் நின்றிருந்தார். தரணிதரன் போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி, தட்டு வராத கையை மடியில் வைத்திருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் அப்படித் தளர்ந்து, அப்படிச் சிறுபெண் முகமாக நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்த முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தேன் பூவுக்கு. அப்போதுதான் அந்த வீட்டுக்கு வரப்போகிற செவ்வாய்க்கிழமைகளும் வெள்ளிக்கிழமைகளும் கண்ணில் பட்டன. கிருத்திகை, சஷ்டி, நோன்பு. விரதம் இருக்கிற மருமகள். நாள் பார்த்து, ஆசையாக, பெருமையாக என்னைப் பட்டினி போடுவார்கள். நான் ஊசியையும் ஒளித்துவிட்டுச் சோற்றையும் ஒளித்துச் சாப்பிட வேண்டும்.

"வெரதமில்லீங்க அத்தை" என்றேன் மாப்பிள்ளையின் அம்மாவிடம். குரல் கரகரத்தது, தொண்டையில் ரவை. "எனக்குப் பன்னண்டு வயசுலருந்து சக்கரை நோய். தினமும் ஊசி போட்டுக்கறேன். உங்ககூட ஒக்காந்து கேசரி சாப்புடறதுக்குன்னு நாலு மணிக்கே போட்டுட்டேன், நீங்க வர்றதுக்குள்ள சக்கரை எறங்கிப்போச்சு. என்னால வெரதம் இருக்க முடியாதுங்க. என்னைக்குமே முடியாது." தைரியத்தில் சொன்னதில்லை. பொய்யைச் சுமக்கிறதைவிட இது லேசாக இருந்தது, அவ்வளவுதான். பூச்சரம் அந்தக் கையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா அதை இலையிலேயே வைத்து, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, கசங்காமல் மடித்தார்கள். தரணிதரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணியிலிருந்து கணக்குப் போடுகிறார் போலிருந்தது. பாவாத்தாள் அத்தை தன் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்திருக்கவும் யாருக்கும் பிடிக்கவில்லை. நான் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை, என்னால் அது மட்டும் முடியவில்லை. அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது சேலைச் சத்தத்தில் தெரிந்தது. நாலாவது தட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "ரெண்டு வாய் இன்னும் தின்னு" என்றாள். பிறகு, ஆசாரத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தின்னுட்டு மெஷின்ல பாத்துக்க. உன்ற ஊசிப் பையக் கொண்டாறேன்" என்றாள்.